கரிமப் பிடிப்புத் தொழிலும் அரசின் பங்கும்: சென்னையை மையமிட்ட ஒரு வரலாற்று நோக்கு (1965–2026)

ஆய்வுச் சுருக்கம்

ஆலைகளின் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்தெடுத்துப் பயன்படுத்துவதும் நிலத்தடியில் சேமிப்பதும் இந்தியாவில் ஒரு தொழில்துறையாக வளர்வதற்கு அரசு ஆற்றிய பங்கினை இக்கட்டுரை வரலாற்று முறையில் ஆராய்கிறது. தமிழகத்தின் கூட்டுத்துறைத் தொழிற்கொள்கை, ஒன்றிய அரசின் காலநிலைக் கொள்கை, 2016இல் தூத்துக்குடியில் இயங்கத் தொடங்கிய பிடிப்பு அலகு, 2019இல் அரியலூருக்கென அறிவிக்கப்பட்ட திட்டம், தென்சென்னையின் ஆய்வு நிறுவனங்கள் ஆகியவை சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. வாயுவை வாங்குவோர் உள்ள இடத்தில் தொழில் மானியமின்றி எழுந்தது. வாங்குவோர் இல்லாத இடத்தில் அறிவிப்போடு நின்றது. ஆகவே அரசின் பங்கு பிடிப்பைக் காட்டிலும் சேமிப்பிலேயே இன்றியமையாதது என்பதும், அப்பங்கு நிதியோடு முடியாமல் சட்டத்தையும் மக்கள் இசைவையும் உள்ளடக்கியது என்பதும் இக்கட்டுரையின் முடிவுகள் ஆகும்.

திறவுச்சொற்கள்: கரிமப் பிடிப்பு, நிலத்தடிச் சேமிப்பு, கூட்டுத்துறை, தூத்துக்குடி, அரியலூர், காவிரிப் படுகை, அடையாறு, தொழிற்கொள்கை.

1. முன்னுரை

2021 நவம்பரில் கிளாஸ்கோ நகரில் நடைபெற்ற காலநிலை மாநாட்டில், 2070ஆம் ஆண்டுக்குள் நிகரச் சுழிய உமிழ்வை எட்டுவதாக இந்தியா அறிவித்தது. அதற்கு அடுத்த ஆண்டு நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கை, 2050ஆம் ஆண்டளவில் ஆண்டொன்றுக்கு 75 கோடி டன் கரியமில வாயுவைப் பிடிக்கும் திறன் தேவைப்படும் என்று கணித்தது. தமிழகத்தில் மிகவும் பேசப்பட்ட தூத்துக்குடி அலகின் திறன் ஆண்டுக்கு 60,000 டன். ஆகவே இலக்கை எட்ட அதுபோன்ற 12,500 அலகுகள் வேண்டும். இவ்விடைவெளியைத் தனியார் முதலீடு மட்டுமே நிரப்புமா, அரசு நிரப்ப வேண்டுமா என்பது இன்றைய கொள்கை விவாதத்தின் மையமாக உள்ளது.

இவ்விவாதம் பெரும்பாலும் பொறியியலாளர்களாலும் பொருளியலாளர்களாலும் எதிர்காலக் கணிப்புகளின் அடிப்படையில் நிகழ்த்தப்படுகிறது. கடந்த காலம் அதற்குள் அரிதாகவே நுழைகிறது. ஆனால் 1965 முதல் தமிழகத்தில் அரசும் வேதித் தொழிலும் கொண்டிருந்த உறவை நோக்கினால், இக்கேள்விக்கு ஒரு வரலாற்று விடை கிடைக்கிறது. அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. கலைச்சொற்களும் வரையறையும்

நாளிதழ்கள் ‘கார்பன் பிடிப்பு’ என்று வழங்கும் தொடர் மூன்று வேறுபட்ட செயல்களைக் குறிக்கிறது. முதலாவது பிடித்தல்: புகைபோக்கிக்குச் செல்லும் வாயுவை ஓர் உயர்ந்த கோபுரத்தினுள் செலுத்தி, மேலிருந்து பொழியும் வேதிக்கரைசலில் கரியமில வாயுவை மட்டும் கரையச் செய்து, பின்னர் அக்கரைசலைச் சூடேற்றி வாயுவைத் தனியே பெறுதல். இரண்டாவது பயன்படுத்தல்: அவ்வாயுவைச் சோடா உப்பு, யூரியா, மெத்தனால் போன்ற பொருள்களாக மாற்றுதல். மூன்றாவது சேமித்தல்: அதனை அழுத்தி, ஆழ்நிலத்தின் நுண்துளைப் பாறைகளில் செலுத்தி நிலையாக அடைத்து வைத்தல்.

இம்மூன்றையும் ஒன்றாகக் கருதுவது வரலாற்றுப் பிழைக்கு இடமளிக்கிறது. பிடித்தல் வேதிப்பொறியியலுக்குப் பழகிய செயல். அமீன் கரைசலைக் கொண்டு வாயுவைப் பிரிக்கும் முறைக்கு 1930லேயே அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. பயன்படுத்தலுக்குச் சந்தை உண்டு. சேமித்தலுக்குச் சந்தை இல்லை. நிலத்தடியில் அடைத்த வாயுவை விலை கொடுத்து வாங்குவோர் எவருமிலர். அரசின் பங்கினை மதிப்பிட இவ்வேறுபாடே அடிப்படையாகும்.

3. கூட்டுத்துறைக் காலம்

தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகம் (டிட்கோ) 1965இல் தொடங்கப்பட்டது. தனியாரும் அரசும் பங்குமுதல் இட்டு ஆலைகளை நிறுவும் கூட்டுத்துறை முறை இக்கழகத்தின் வழியே தமிழகத்தில் வேரூன்றியது. எம்.ஏ. சிதம்பரம் குழுமமும் டிட்கோவும் இணைந்து 1969இல் உருவாக்கிய தென்னிந்தியப் பெட்ரோ ரசாயனத் தொழிற்கழகம் (ஸ்பிக்) அம்முறையின் முதன்மையான எடுத்துக்காட்டு. அதன் உர ஆலை தூத்துக்குடியில் அமைந்தது. நிர்வாகம் சென்னை கிண்டியில் உள்ள ஸ்பிக் மாளிகையிலிருந்து நடந்தது.

ஸ்பிக் ஆலையை அடுத்து, அதே குழுமமும் டிட்கோவும் முன்னின்று வளர்த்தது தூத்துக்குடி அல்கலி கெமிக்கல்ஸ் அண்டு பெர்ட்டிலைசர்ஸ் நிறுவனம். ஆலை தூத்துக்குடியிலும் பதிவு அலுவலகம் சென்னை அண்ணா சாலையிலுமாக இதுவும் அமைந்தது. உப்பு, அமோனியா, கரியமில வாயு ஆகிய மூன்றையும் வினைபுரியச் செய்து சோடா உப்பையும் அம்மோனியம் குளோரைடு உரத்தையும் ஒருசேரப் பெறும் இரட்டை முறை அங்குப் பின்பற்றப்பட்டது. தூத்துக்குடி உப்பளங்களின் உப்பும், அண்டையிலிருந்த உர ஆலையின் அமோனியாவும் கரியமில வாயுவும் இத்தொழிலுக்கு இயல்பான உள்ளீடுகளாயின.

அக்காலத்தில் எவரும் புவி வெப்பமாதலைக் கருதி இவ்வாலையை அமைக்கவில்லை. உரத் தன்னிறைவு, பின்தங்கிய மாவட்டங்களின் தொழில் வளர்ச்சி, துறைமுகப் பயன்பாடு ஆகியனவே நோக்கங்கள். எனினும் கரியமில வாயுவை மூலப்பொருளாக வேண்டி நிற்கும் ஓர் ஆலை, மாநில அரசின் பங்குமுதலோடு தூத்துக்குடியில் எழுந்தது. பிற்கால நிகழ்வுகளை விளக்க இச்செய்தி இன்றியமையாதது.

மனிதவளமும் இவ்வாறே அரசின் முன்முதலீட்டால் உருவானது. கிண்டியில் 1944இல் தொடங்கப்பட்ட அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரி, அடையாற்றில் 1948இல் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1959இல் கிண்டி வனத்தை ஒட்டி எழுந்த இந்தியத் தொழில்நுட்பக் கழகம் (ஐ.ஐ.டி. மெட்ராஸ்) ஆகியவை அடுத்தடுத்த தலைமுறைகளுக்கு வேதியியலையும் வேதிப்பொறியியலையும் பயிற்றுவித்தன. நகரின் வடபகுதியில் எண்ணூர் அனல்மின் நிலையமும் மணலிச் சுத்திகரிப்பு ஆலையும் புகையை வெளியிட, தென்பகுதியில் அப்புகையைப் பற்றிய அறிவு திரண்டது. இவ்விரு பகுதிகளுக்கும் இடையிலான தொலைவு நில அளவில் சிறிதாயினும், கொள்கை அளவில் நெடுங்காலம் கடக்கப்படாததாகவே இருந்தது.

4. தயக்கத்தின் காலம்: 2003–2015

2003 ஜூன் மாதத்தில் அமெரிக்காவில் கரிமச் சேமிப்புக்கான பன்னாட்டுத் தலைமை மன்றம் தொடங்கப்பட்டபோது இந்தியா அதன் தொடக்க உறுப்பினராக இணைந்தது. 2006 ஏப்ரலில், அமெரிக்க அரசு திட்டமிட்ட பியூச்சர்ஜென் எனும் உமிழ்வற்ற நிலக்கரி மின்நிலையத்துக்கு 1 கோடி டாலர் பங்களிக்கவும் இந்தியா முன்வந்தது. செலவு பெருகியதைக் காரணம் காட்டி அமெரிக்க அரசே அத்திட்டத்தின் முதல் வடிவத்தை 2008 ஜனவரியில் கைவிட்டது. செல்வ நாடொன்று தன் திட்டத்தையே நடத்த இயலாது பின்வாங்கியமை, இந்தியக் கொள்கை வகுப்போரின் ஐயத்தை வலுப்படுத்தியிருக்கக் கூடும்.

அதே ஆண்டு ஜூன் மாதத்தில் வெளியான காலநிலை மாற்றத்துக்கான தேசியச் செயல்திட்டம் இத்தொழில்நுட்பத்தை ஏற்கவில்லை. நடைமுறைக்கு உகந்த முறைகள் இன்னும் உருவாகவில்லை என்றும், செலவு குறித்தும் சேமிப்பின் நிலைபேறு குறித்தும் கடுமையான கேள்விகள் உள்ளன என்றும் அது கருதியது. சூரிய ஆற்றல், ஆற்றல் சேமிப்பு உள்ளிட்ட 8 இயக்கங்கள் அமைக்கப்பட்டன. கரிமப் பிடிப்புக்கெனத் தனி இயக்கம் இல்லை.

இத்தயக்கத்தை அறியாமை எனக் கொள்ள இயலாது. காலநிலை மாற்றத்துக்கான அரசுகளிடைக் குழு 2005இல் வெளியிட்ட சிறப்பறிக்கை, பிடிப்பு அலகு பொருத்திய மின்நிலையத்துக்கு 10 முதல் 40 விழுக்காடு வரை கூடுதல் ஆற்றல் வேண்டும் என்று மதிப்பிட்டிருந்தது. அன்றைய தமிழகத்தின் நிலையை இதனோடு ஒப்பிட வேண்டும். 2012 பிப்ரவரி இறுதியில் சென்னையின் அறிவிக்கப்பட்ட மின்வெட்டு நாளொன்றுக்கு 2 மணி நேரமாக உயர்ந்தது; பிற மாவட்டங்களில் அது பன்மடங்கு நீடித்தது. சிறுதொழில்கள் முடங்கிய நிலையில், உற்பத்தியாகும் மின்சாரத்தில் ஒரு பகுதியைப் புகையைத் தூய்மையாக்கச் செலவிடுமாறு எந்த அரசும் கோரியிருக்க முடியாது.

நிதி முற்றிலும் இல்லாமலும் இல்லை. 2010 ஜூலை முதல் நிலக்கரி மீது டன்னுக்கு 50 ரூபாய் தூய ஆற்றல் மேல்வரி விதிக்கப்பட்டது. அது 2014இல் 100, 2015இல் 200, 2016இல் 400 ரூபாய் என உயர்ந்தது. கரிமத்தின் மீது விலை வைக்கும் முயற்சியாக உலக அரங்கில் இது எடுத்துக்காட்டப்பட்டது. ஆனால் 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது அம்மேல்வரி நீக்கப்பட்டு, அதே அளவான தொகை மாநிலங்களின் வருவாய் இழப்பை ஈடுகட்டும் மேல்வரியாக மாறியது. வரி நிலக்கரியின் மீதே நீடித்தது. அதன் நோக்கம் மாறியது. நார்வேயின் கரிம வரி சேமிப்புத் தொழிலை ஈன்றதையும் இந்திய மேல்வரி அவ்வாறு ஈனாததையும் ஒப்பிடுகையில் இச்செய்தி கவனத்துக்குரியது.

5. தூத்துக்குடி, 2016

இப்பின்னணியில்தான் 2016 அக்டோபரில் தூத்துக்குடி அல்கலி ஆலையின் பிடிப்பு அலகு இயங்கத் தொடங்கியது. நிலக்கரியில் இயங்கும் கொதிகலனின் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன், அதாவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 165 டன் கரியமில வாயுவைப் பிரித்து, அதனைச் சோடா உப்பு உற்பத்தியில் பயன்படுத்துவது அதன் நோக்கம். தொழில்நுட்பத்தை வழங்கிய கார்பன் கிளீன் நிறுவனம், காரக்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற இளைஞர்களால் 2009இல் தொடங்கப்பட்டுப் பின்னர் லண்டனை இருப்பிடமாகக் கொண்டது. வழக்கமான அமீன் கரைசலைவிடக் குறைந்த வெப்பத்தில் வாயுவை விடுவிக்கும் புதிய கரைசலால், பிடிப்புச் செலவு டன்னுக்கு 30 டாலர் அளவுக்குக் குறைந்ததாக அந்நிறுவனம் அறிவித்தது.

அரசு மானியம் எதுவுமின்றி இவ்வலகு அமைந்தது என்பதே உலக நாளிதழ்கள் 2017இன் தொடக்கத்தில் வியந்து எழுதிய செய்தி. தமக்கு வேண்டியிருந்தது தடையற்ற வாயு வழங்கலே அன்றிப் புவியைக் காப்பது அன்று என்ற பொருளில் ஆலை உரிமையாளர் வெளிப்படையாகவே கூறினார். சந்தை தானாகவே இத்தொழிலை வளர்க்கும் என்பதற்கு இந்நிகழ்வு சான்றாகக் காட்டப்பட்டது.

வரலாற்று நோக்கில் இம்முடிவு இரு வகையில் குறையுடையது. முதலாவதாக, மானியமின்மை என்பது அரசின்மை ஆகாது. வாயுவை விலைமதிப்புள்ள மூலப்பொருளாகக் கருதும் ஆலை அங்கு இருந்ததற்குக் காரணம் பல பத்தாண்டுகளுக்கு முந்தைய கூட்டுத்துறைக் கொள்கை. தொழில்நுட்பத்தை உருவாக்கியோர் பயின்றது அரசுக் கல்வி நிறுவனத்தில். 2016இல் அரசு செலவிடாதது உண்மை. அதற்கு முன்பே செலவிட்டிருந்தது என்பதும் உண்மை.

இரண்டாவதாக, அங்கு நிகழ்வது பயன்படுத்தலே அன்றிச் சேமித்தல் அன்று. ஒரு டன் சோடா உப்பினுள் ஏறத்தாழ 0.41 டன் கரியமில வாயு வேதிப் பிணைப்பில் உள்ளது. அந்த உப்பு கண்ணாடி உலையில் உருகும்போது அவ்வாயு மீண்டும் வளிமண்டலத்தை அடைகிறது. வேறு மூலத்திலிருந்து புதிதாக வாயு உண்டாக்கும் தேவை குறைவதால் பயன் உண்டு. ஆயினும் அது நிலையான நீக்கம் ஆகாது. மேலும் சோடா உப்பின் சந்தை எல்லைக்குட்பட்டது. இந்தியாவின் ஆண்டு உமிழ்வு பல நூறு கோடி டன் அளவில் இருக்க, அதனை உட்கொள்ளும் வேதிப்பொருள் சந்தை எதுவும் உலகில் இல்லை. எனவே தூத்துக்குடி அனுபவம், வாங்குவோர் உள்ள வாயுவுக்குத் தொழில் பிறக்கும் என்பதை மட்டுமே மெய்ப்பிக்கிறது.

6. அரியலூர், 2019: அறிவிப்பும் ஆலையும்

சிமெண்ட் உற்பத்தியில் வெளிப்படும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 60 விழுக்காடு எரிபொருளால் வருவதன்று. சுண்ணாம்புக்கல் சுடப்படும்போது அக்கல்லிலிருந்தே வெளிவருவது. நிலக்கரியை முற்றிலும் கைவிட்டாலும் இப்பகுதி நீங்காது. ஆகவே பிற வழிகளற்ற தொழிலாகச் சிமெண்ட் கருதப்படுகிறது. சுண்ணாம்புப் படிவம் மிக்க அரியலூரில் தமிழ்நாடு அரசின் சிமெண்ட் ஆலையும் பல தனியார் ஆலைகளும் இயங்குகின்றன.

2019 செப்டம்பரில் டால்மியா சிமெண்ட் நிறுவனம், கார்பன் கிளீன் நிறுவனத்தோடு இணைந்து தன் அரியலூர் ஆலையில் ஆண்டுக்கு 5,00,000 டன் பிடிக்கும் அலகை அமைக்கவிருப்பதாக அறிவித்தது. இது தூத்துக்குடி அலகைப்போல் எட்டு மடங்குக்கும் மேற்பட்டது. ஆனால் அறிவிக்கப்பட்ட அளவிலான ஆலை இன்னும் எழவில்லை.

இதனை நார்வே நாட்டின் பிரெவிக் சிமெண்ட் ஆலையோடு ஒப்பிடுவது பொருத்தமாகும். லாங்ஷிப் எனும் திட்டத்துக்கு 2020இல் நார்வே நாடாளுமன்றம் ஒப்புதல் அளித்தது. செலவின் பெரும்பகுதியை அரசு ஏற்றது. ஆண்டுக்கு 4,00,000 டன் பிடிக்கும் பிரெவிக் அலகு 2025 ஜூனில் திறக்கப்பட்டது. பிடித்த வாயுவைக் கப்பலில் ஏற்றிச் சென்று வடகடலின் அடியில் செலுத்தும் பணி அதே ஆண்டு ஆகஸ்டில் தொடங்கியது. ஏறத்தாழ ஒரே காலத்தில் எண்ணப்பட்ட, ஏறத்தாழ ஒரே அளவுள்ள இரு திட்டங்களில் ஒன்று எழுந்து மற்றொன்று நின்றதற்குத் தொழில்நுட்ப வேறுபாடு காரணமன்று. பிரெவிக்கில் வாயுவை எங்குக் கொண்டு செல்வது, யார் பொறுப்பேற்பது, யார் செலவிடுவது என்ற மூன்று கேள்விகளுக்கும் அரசு விடையளித்திருந்தது. அரியலூரில் அம்மூன்றும் ஆலையின் வாயிலிலேயே நின்றன.

7. காவிரிப் படுகை: நிலமும் இசைவும்

அரியலூருக்கு அண்மையில் வாயுவைச் செலுத்தத்தக்க படிவுப் பாறைகள் உள்ள பகுதி காவிரிப் படுகை. எண்ணெய், இயற்கை எரிவாயுக் கழகம் பல பத்தாண்டுகளாக அங்கு அகழ்ந்து வந்துள்ளது. வெறுமையான எண்ணெய்க் கிணறுகளும் ஆழ்நில உவர்நீர்ப் படுகைகளும் சேமிப்புக்கு ஏற்றவை என்பது புவியியலாளர் பொதுவாக ஏற்கும் கருத்து. ஆனால் அதே நிலம் தமிழகத்தின் நெற்களஞ்சியமாகும்.

மன்னார்குடிப் பகுதியில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்கும் திட்டத்துக்கு எதிராக உழவர்கள் நடத்திய போராட்டமும், 2017இல் நெடுவாசலில் நிகழ்ந்த ஹைட்ரோகார்பன் எதிர்ப்புப் போராட்டமும் ஆழ்நிலத் துளையிடலின் மீது மக்களுக்குள்ள அவநம்பிக்கையை வெளிப்படுத்தின. அதன் விளைவாக 2020 பிப்ரவரியில் தமிழ்நாடு சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும் கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில ஒன்றியங்களும் அதில் அடங்கின. எண்ணெய், எரிவாயு ஆகியவற்றின் புதிய ஆய்வும் துளையிடலும் எடுப்பும் தடைசெய்யப்பட்டன. அரியலூர் அம்மண்டலத்தில் சேர்க்கப்படவில்லை.

இச்சட்டத்தின் தடைப்பட்டியல் நிலத்திலிருந்து ஹைட்ரோகார்பனை எடுப்பதைக் குறிக்கிறது. நிலத்தினுள் கரியமில வாயுவைச் செலுத்துவதைப் பெயர் சுட்டிக் குறிக்கவில்லை. எழுத்தின்படி அது அனுமதிக்கப்பட்டதெனவும், நோக்கத்தின்படி அது விலக்கப்பட்டதெனவும் வாதிட இடமுண்டு. அரசமைப்பின் அதிகாரப் பகிர்வும் இச்சிக்கலைப் பெருக்குகிறது. எண்ணெய் வயல்கள் ஒன்றியப் பட்டியலில் உள்ளன. நிலமும் நீரும் வேளாண்மையும் மாநிலப் பட்டியலில் உள்ளன. பாறையின் வெற்றுத்துளை எப்பட்டியலுக்குரியது என்பதற்கு அரசமைப்பை வகுத்தோர் விடை கூற நேரவில்லை. நிலத்தடிக் கரிமச் சேமிப்புக்கெனத் தனிச்சட்டமும் நாட்டில் இயற்றப்படவில்லை. பல நூற்றாண்டுகள் கண்காணிக்கப்பட வேண்டிய ஒரு சேமிப்பிடத்துக்கு, ஆலை மூடப்பட்ட பின் யார் பொறுப்பு என்பதைச் சட்டமே தீர்மானிக்க இயலும். அப்பொறுப்பைப் பேசாத எந்தத் திட்டமும் படுகை உழவரிடம் இசைவு கோருவது அரிது.

8. அடையாறும் பள்ளிக்கரணையும்: கடல் நோக்கிய ஆய்வு

நிலத்தின் மீதான இச்சிக்கல்களால் ஆய்வாளரின் பார்வை கடலை நோக்கித் திரும்பியதைக் காணமுடிகிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸ் பேராசிரியர் ஜிதேந்திர சங்வாய் தலைமையிலான குழு, வங்காள விரிகுடாவில் கரியமில வாயுவை ஹைட்ரேட் எனும் பனிக்கட்டி போன்ற திண்ம வடிவில் சேமிக்கும் வாய்ப்பை ஆராய்ந்துள்ளது. கடல்மட்டத்திலிருந்து 500 மீட்டருக்குக் கீழ் நிலவும் அழுத்தத்திலும் குளிரிலும் அவ்வாயு நீரோடு சேர்ந்து திண்மமாகிறது. விரிகுடாவின் நீரும் படிவங்களும் பல நூறு ஜிகா டன் வாயுவை ஏற்கக்கூடும் என்பது அக்குழுவின் மதிப்பீடு.

இத்தகைய ஆய்வுக்குத் துணைபுரியத்தக்க கடல்சார் பொறியியல் திறன் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தில் உள்ளது. 1993இல் தொடங்கப்பட்ட இக்கழகம் ஆழ்கடல் ஊர்திகளையும் வாயு ஹைட்ரேட் ஆய்வுக்கான கருவிகளையும் உருவாக்கியது. கரையோரக் கடலடி ஒன்றிய அரசுக்குரியது என அரசமைப்பின் 297ஆம் உறுப்பு கூறுவதால், நிலத்தில் எழும் அதிகாரச் சிக்கல் அங்குக் குறைவு. ஆயினும் மீனவர் வாழ்வாதாரம், கடலுயிர்ச் சூழல், செலவு ஆகியவை புதிய கேள்விகளாக எழுகின்றன. டெல்டா உழவரிடம் எழுந்த அவநம்பிக்கையைக் கடற்கரை மீனவர்க்கு மாற்றுவது தீர்வாகாது.

ஆய்வுக் கூடத்துக்கும் ஆலைக்கும் இடையிலான இடைவெளியைக் குறைக்கும் முயற்சி 2025 மே மாதத்தில் காணப்பட்டது. ஒன்றிய அறிவியல் தொழில்நுட்பத் துறை சிமெண்ட் துறைக்கென 5 கரிமப் பிடிப்புச் சோதனைக் களங்களை அறிவித்தது. அவற்றுள் ஒன்றில் ஐ.ஐ.டி. மெட்ராஸ், கோவாவிலுள்ள பிட்ஸ் பிலானி, அல்ட்ராடெக் சிமெண்ட் ஆகியவை இணைந்துள்ளன. கல்வி நிறுவனமும் ஆலையும் அரசும் ஒரே ஒப்பந்தத்தில் கைகோக்கும் இவ்வமைப்பு, 1960களின் கூட்டுத்துறையைப் புதிய உருவில் நினைவூட்டுகிறது.

9. ஆவணங்களிலிருந்து நிதிக்கு: 2021–2026

2021க்குப் பின் ஒன்றிய அரசின் நிலைப்பாடு விரைந்து மாறியது. 2021 செப்டம்பரில் டாடா ஸ்டீல் ஜாம்ஷெட்பூரில் நாளுக்கு 5 டன் பிடிக்கும் அலகைத் திறந்தது. 2022 ஆகஸ்டில் தேசிய அனல்மின் கழகம் விந்தியாச்சலில் நாளுக்கு 20 டன் அலகை இயக்கியது. அதே ஆண்டில் மும்பை ஐ.ஐ.டி.யிலும் பெங்களூரு ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்திலும் தேசியச் சிறப்பு மையங்கள் அமைந்தன. 2022 நவம்பரில் நிதி ஆயோக் அறிக்கை வெளியானது. 2023 ஜூனில் கரிம வரவு வணிகத் திட்டம் அறிவிக்கை செய்யப்பட்டது. 2025 டிசம்பரில் ஆராய்ச்சி வழித்திட்டம் வெளியிடப்பட்டது. 2026 பிப்ரவரி 1 அன்று தாக்கலான ஒன்றிய நிதிநிலை அறிக்கையில் மின்சாரம், எஃகு, சிமெண்ட், சுத்திகரிப்பு, வேதிப்பொருள் ஆகிய 5 துறைகளில் இத்தொழில்நுட்பத்தை வளர்க்க 5 ஆண்டுகளுக்கு 20,000 கோடி ரூபாய் ஒதுக்கும் முன்மொழிவு இடம்பெற்றது.

2008இல் ஐயத்தோடு விலகி நின்ற அரசு, 18 ஆண்டுகளில் முதன்மை நிதியாளராக மாறியிருப்பதை இவ்வரிசை காட்டுகிறது. ஆனால் இயங்கிய அலகுகளின் அளவையும் நோக்க வேண்டும். விந்தியாச்சல் அலகின் ஆண்டுத் திறன் 7,300 டன் மட்டுமே. பொதுத்துறை மின்கழகத்தின் இம்முயற்சியைவிட, தனியார் தூத்துக்குடி ஆலையின் அலகு எட்டு மடங்கு பெரிது. நிதி வந்தபின் இவ்விகிதம் எவ்வாறு மாறும் என்பதே இனி நோக்கத்தக்கது.

10. பிற நாடுகள் தரும் படிப்பினை

நார்வே 1991இல் கரிம வரியை விதித்தது. அவ்வரியைத் தவிர்க்கும் பொருட்டே அரசுத் துறையைச் சார்ந்த எண்ணெய் நிறுவனம் 1996 முதல் ஸ்லைப்னர் வயலில் ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் அளவில் வாயுவைக் கடலடியில் செலுத்தியது. அமெரிக்கா 2008 முதல் வரிச்சலுகை வழியே சேமிப்பை ஊக்குவித்து, 2022இல் அச்சலுகையை டன்னுக்கு 85 டாலர் வரை உயர்த்தியது. பிரிட்டன் 100 கோடி பவுண்டு போட்டித் திட்டத்தை அறிவித்து, ஆலைகள் திட்டமிடல் நிலையில் இருந்தபோதே 2015 நவம்பரில் அதனைத் திடீரெனக் கைவிட்டது. தொழில் பல ஆண்டுகள் பின்தங்கியது.

வரி, சலுகை, நேரடி நிதி என வழிகள் வேறாயினும், நிலைத்த கொள்கை உள்ள இடத்தில் தொழில் வளர்ந்தது. கொள்கை தளர்ந்த இடத்தில் தளர்ந்தது. நிலக்கரி மேல்வரியின் நோக்கம் 7 ஆண்டுகளில் மாறிய இந்திய வரலாறு இவ்விடத்தில் எச்சரிக்கையாக அமைகிறது.

11. முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

தமிழகத்தில் கரிமப் பிடிப்பின் முதல் வணிக வெற்றி மானியமின்றி நிகழ்ந்தது என்பது உண்மையாயினும், அதற்கான களத்தைக் கூட்டுத்துறைக் கொள்கையும் அரசுக் கல்வி நிறுவனங்களும் முன்னரே அமைத்திருந்தன. அரசின் பங்கு மறைந்திருந்தது, இல்லாதிருக்கவில்லை.

தூத்துக்குடியில் வாயுவுக்குத் தேவை இருந்தது, அரியலூரில் இல்லை. இவ்வேறுபாடே ஒன்றை ஆலையாகவும் மற்றொன்றை அறிவிப்பாகவும் ஆக்கியது. ஆகவே பயன்படுத்தலைச் சந்தையிடம் விடலாம்; சேமித்தலை விட இயலாது.

2003 முதல் 2015 வரையிலான இந்தியத் தயக்கம், மின்பற்றாக்குறையும் பிற நாடுகளின் தோல்விகளும் உருவாக்கிய காரணமுள்ள நிலைப்பாடு. அக்காரணங்கள் முற்றிலும் நீங்கிவிடவில்லை என்பதை இன்றைய ஆர்வம் மறத்தலாகாது. பிடிப்பு அலகுக்கு வேண்டிய கூடுதல் ஆற்றல் இன்றும் பெரிதே.

20,000 கோடி ரூபாய் பொதுப்பணமாகும். அது ஆலைகளின் கோபுரங்களுக்கு மட்டும் செலவாகி, சேமிப்பிடம், குழாய்வழி, கண்காணிப்பு, நீண்டகாலப் பொறுப்பு ஆகியவற்றுக்கான சட்டம் இயற்றப்படாது போனால், பிடித்த வாயு போக இடமின்றி மீண்டும் வானில் கலக்கும். மாநில அரசும் தன் 2020ஆம் ஆண்டுச் சட்டம் நிலத்தினுள் வாயு செலுத்துவதை அனுமதிக்கிறதா, விலக்குகிறதா என்பதை வழக்கு எழுமுன் தெளிவுபடுத்துதல் வேண்டும். மன்னார்குடியும் நெடுவாசலும் கற்பித்தது, நிலத்தடியைப் பற்றிய முடிவுகள் நிலத்தின் மேல் வாழ்வோரைக் கலந்தே எடுக்கப்பட வேண்டும் என்பதாகும். நிதி ஒதுக்கீட்டுக்கு முன்னரே நிகழ்ந்திருக்க வேண்டிய அக்கலந்துரையாடல் இனியேனும் தொடங்குவதற்கு, கிண்டியிலும் அடையாற்றிலும் திரண்டுள்ள அறிவு காவிரிப் படுகையின் ஊர்களைச் சென்றடைதல் இன்றியமையாதது.